கண்ணை மூடிக்கொண்டு விளையாடியவருக்கு

அக்கா,

இன்று காலை அம்மா ஊறுகாய் போட எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் இருந்த எனக்கு அந்த வாசனை வந்ததும், என் கை தானாகப் பக்கத்து நாற்காலியில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. உங்களுக்கு இடம் விடுவதற்காக. இது வீடு, இன்று சனிக்கிழமை, நீங்கள் வரமாட்டீர்கள் என்பதெல்லாம் அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பையைத் திரும்பவும் நாற்காலியில் வைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. சில மாதங்களாக எனக்கு எதிலுமே அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை.

நேற்றோடு நம் வழித்தடத்து ஆபீஸ் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள், வண்டி காலியாக ஓடுகிறது என்று காரணம் சொன்னார்கள். உண்மைதான், காலியாகத்தான் ஓடியது. அதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். கூடவே, நீங்கள் இல்லாத இந்த நாட்களில் நான் என்னென்ன விளையாடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடமும் இதைப் பேசுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. வீட்டில் இருப்பவர்களுக்கு நான் அறைக்குள் பாட்டு கேட்கிறேன் என்று எண்ணம். அப்படியே இருக்கட்டும்.

நான் இரும்புலியூரில் ஏறுவேன். நீங்கள் கேம்ப் ரோட்டில். கழுத்தில் அந்தச் சாம்பல் நிறத் தலையணை, கைக்குள் பொத்திய ஓர் எலுமிச்சம்பழம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பழத்தை ஒருமுறை முகர்ந்துவிட்டு, நாவலூர் வரை கண்ணை மூடிக்கொள்வீர்கள். தூங்குகிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் கையடக்கக் கன்சோலை எடுத்து விளையாடிக்கொண்டிருந்த ஒருநாள், கண்ணைத் திறக்காமலேயே கேட்டீர்கள்.

"ஏம்மா, டொக் டொக்குனு அது என்ன சத்தம்?"

"பட்டன்க்கா. கேம் ஆடறேன். டிஸ்டர்பா இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. எனக்கும் கேம்னா உயிர். ஆனா வண்டி ஓடறப்ப ஸ்க்ரீனைப் பார்த்தேன்னு வை, சோழிங்கநல்லூர் வர்றதுக்குள்ள வாந்தி வந்துரும். வீட்டுக்குப் போனா போன் எங்க மாமியாருக்கு, சீரியல் பார்க்க. நீ ஆடு. என்ன நடக்குதுன்னு சொல்லிக்கிட்டே வா."

அப்படித்தான் அந்தப் பழக்கம் வந்தது. விளையாடிக்கொண்டே சொல்வது சரிப்படவில்லை. அதனால் மாலையில் வீட்டில் விளையாடிவிட்டு, எங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டுமோ அங்கே நிறுத்திவிடுவேன். மறுநாள் பஸ்ஸில் உங்களிடம் கதையைச் சொல்வேன். எந்தக் கதவு, எந்த வழி, யாரை நம்புவது என்பதெல்லாம் நீங்கள் சொல்வீர்கள். அன்று மாலை நான் அதைச் செய்வேன். கம்ப்யூட்டரில் ஆடியது, கன்சோலில் ஆடியது, போனில் ஆடியது என்று எல்லாவற்றையும் நீங்கள் ஒரே இடத்தில்தான் ஆடினீர்கள், உங்கள் இமைகளுக்குள்.

மேடவாக்கத்தில் வண்டி நின்றால் மட்டும் கண்ணைத் திறந்து போனை எடுப்பீர்கள். வண்ணக் கட்டிகளைச் சேர்த்து உடைக்கும் அந்தச் சின்ன விளையாட்டு. நெரிசலைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நீங்கள்தான். டிரைவர் அண்ணாகூட ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"இன்னாமா, ட்ராபிக்னா ஊரே திட்டுது, நீ மட்டும் சிரிச்சிகினு கீற?"

"இன்னும் ரெண்டு நிமிஷம் நிக்கட்டும்ணா. ஒரு லெவல் பாக்கி."

"நிக்கறது என் கைலயா கீது? முன்னால பாரு, லாரி படுத்துகினு கீது. நீ நாலு லெவல் ஆடு."

புதிதாக ஒரு விளையாட்டைத் தொடங்கினால் உங்கள் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அதுல உக்கார பட்டன் இருக்கா?" ஓட, தாவ, சுட, நீந்த எல்லாவற்றுக்கும் பட்டன் வைத்திருப்பார்கள். உட்கார வைத்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட விளையாட்டை நீங்கள் மதித்ததே இல்லை. "உலகத்தையே காப்பாத்துறான், அவனுக்கு ஒரு பெஞ்சு போடக் கூடாதா?" என்பீர்கள். நாள் முழுக்க ஆபீஸில் நாம் உட்கார்ந்துதானே இருக்கிறோம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அது உக்கார்றது இல்லடி, அது வேலை" என்றீர்கள்.

உப்பு வியாபாரி விளையாட்டு உங்களுக்குப் பிடித்ததற்கும் அதுதான் காரணம். ஒரு மனிதன் ஒரு கழுதையின் மேல் உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைகளுக்கு நடுவே நடக்கிறான், மழைக்காலம் தொடங்குவதற்குள் தூரத்துச் சந்தையை அடைய வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நினைத்த இடத்தில் உட்காரலாம். உட்கார்ந்தால் காற்றுச் சத்தம் கேட்கும். விளையாட்டின் தொடக்கத்தில் கழுதைக்குப் பெயர் வைக்கச் சொன்னது.

"டீம் லீடுன்னு வை."

"பாவம்க்கா அவரு."

"கழுதைதான் பாவம். அந்தப் பேரையும் சேர்த்துல்ல சுமக்கணும்?"

சில நாள் கழித்து, "டீம் லீடுக்குப் புல்லு போட்டியா, இல்ல பட்டினியா?" என்று நீங்கள் சத்தமாகக் கேட்டபோது உங்கள் டீம் லீடே முன்சீட்டில் இருந்தார். திரும்பிப் பார்த்து, "என்னங்க, என்னையா சொன்னீங்க?" என்றார். நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. "இல்ல சார். இவர் வேற டீம் லீட். நல்லவர்." பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

சட்டென்று பதில் வராத இடங்களும் இருந்தன. அப்போது, "இரு, அவசரப்படாதே. திங்கக்கிழமை சொல்றேன்" என்பீர்கள். அந்தத் திங்கட்கிழமைப் பதில்கள் எப்போதும் விசித்திரமாக இருக்கும், எப்போதும் பலிக்கும். வழியில் ஒரு திருடன் மறித்துப் பாதி உப்பைக் கேட்டபோது, நான் சண்டை போடுவதா ஓடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் திங்கட்கிழமை ஏறியதும் ஏறாததுமாக, "அவனைக் கூலிக்கு வெச்சுக்கோ" என்றீர்கள். அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தால் இருந்தது.

ஒருநாள் கேன்டீனில், தரை ஆடாத இடத்தில், கன்சோலை உங்கள் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள். முகம் ஏனோ சுருங்கியது.

"இதுவா அந்த ஊரு?"

"ஆமாக்கா. ஏன்?"

"மரமே இல்லியே. நான் பார்த்த வழியில தூங்குமூஞ்சி மரம் இருந்துச்சு, வழி நெடுக. டீம் லீட் வேற இவ்ளோ ஒல்லியா இல்ல." கன்சோலை என்னிடமே தந்துவிட்டீர்கள். "இனிமே காட்டாதே. சொல்லு, போதும்."

அதன் பிறகு நான் காட்டவில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை காலையில் உங்களிடம் சொன்னது அந்தத் தொங்குபாலம். பள்ளத்தாக்கின் மேல் கயிற்றுப் பாலம். மனிதன் போகலாம், கழுதை போக முடியாது. கழுதையை விட்டுவிட்டு ஒரே ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டினால் சந்தைக்குப் போய்ச் சேரலாம். கழுதையோடு மலையைச் சுற்றிப் போனால் மழை பிடித்துக்கொள்ளும், உப்பெல்லாம் கரைந்துவிடும். "கழுதையை விடாதே" என்று உடனே சொல்வீர்கள் என எதிர்பார்த்தேன். நீங்கள் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

"விட்டுட்டா அது எங்க போகும்?"

"தெரியலக்கா. அதெல்லாம் சொல்லல."

"அதுக்குப் போறதுக்கு இடம் இருந்தா, விடறதும் நல்லதுதான? எப்பப் பார்த்தாலும் சுமந்துக்கிட்டே இருக்கே." வண்டி மேடவாக்கத்தில் நின்றது. நீங்கள் போனை எடுக்கவில்லை. "இரு. திங்கக்கிழமை சொல்றேன்."

திங்கட்கிழமை கேம்ப் ரோட்டில் வண்டி வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. டிரைவர் அண்ணா ஹாரன் அடித்தார். "அக்கா லீவாமா? சொல்லவே இல்லியே." எனக்குத் தெரியவில்லை என்றேன். மேடவாக்கம் தாண்டும்போது ஆபீஸ் குழுவில் செய்தி வந்தது. சனிக்கிழமை வீட்டில் மயங்கி விழுந்தீர்கள், மறுநாள் போய்விட்டீர்கள், மூளையில் ரத்தக் கசிவு. படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். உங்கள் சீட்டில் வெயில் விழுந்திருந்தது. ஆபீஸ் போனேன், வேலை பார்த்தேன். மாலையில் எல்லோருமாக உங்கள் வீட்டுக்கு வந்தோம். வாசலில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்று மட்டும் வேறு நிறம். எனக்கு அன்று நினைவிருப்பது அதுதான். அழுகை வரவில்லை. வரும் என்று சில வாரங்கள் காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதும் நின்றுவிட்டது.

அதன்பின் விளையாடியவை பற்றிச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் ஒரு விவசாய விளையாட்டு. விதைக்கலாம், அறுக்கலாம், ஊர்த் திருவிழாவுக்குப் போகலாம். எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நானும் விதைத்தேன், அறுத்தேன். பூசணி பெரிதாக வந்தது. வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் நாற்காலி வாங்கிப் போட முடிகிறது, ஆனால் அதில் உட்கார முடியவில்லை. சுற்றிச் சுற்றித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு ஆத்திரம் வந்திருக்கும்.

கூடுவாஞ்சேரியில் சித்தப்பா மகன் பெரிய டிவியும் கன்சோலும் வாங்கியிருக்கிறான். போர் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அதில் மழை பெய்வதைப் பார்த்து நான் வியக்க வேண்டும் என்று என் முகத்தையே பார்த்தான். தகரக் கூரையில் ஒரு சத்தம், சேற்றில் வேறு சத்தம். ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறார்கள். "எப்படிக்கா கீது?" என்று கேலியாக டிரைவர் அண்ணாவின் பாஷையில் கேட்டான். "நல்லா இருக்குடா" என்றேன். "இதை எங்க காலேஜ் ப்ரின்சிபால் மாதிரி சொல்றியே" என்று கையிலிருந்த கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டான். பதுங்கிக் குனிய பட்டன் இருக்கிறது. அது உட்கார்வதில் சேராது.

போனில் நீங்கள் ஆடிய அதே கட்டி உடைக்கும் விளையாட்டை இறக்கினேன். மேடவாக்கம் நெரிசலில் மட்டும் ஆடினேன். உங்கள் அளவுக்குப் போகவில்லை. அதில் வழியில் நிறுத்திவைத்து யாரிடமும் சொல்ல ஒன்றுமில்லை, அதனால் அது மட்டும் சுலபமாக இருந்தது. மற்றவற்றில் ஏதாவது ஒரு கதவு முன் வந்ததும் நான் நிறுத்திவிடுகிறேன். மறுநாள் திறந்து ஏதோ ஒன்றை அழுத்துகிறேன். எது திறந்தாலும் சரி என்றிருக்கிறது.

உப்பு வியாபாரியை மட்டும் தொடவில்லை. கன்சோலுக்கு அவ்வப்போது சார்ஜ் போடுவேன். திரை எரியும்போது கழுதை பாலத்தின் முன் நின்றபடி காதை ஆட்டும். உங்கள் பதில் இல்லாமல் அதை நகர்த்தக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பதில் வராது என்பதும் தெரியும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் எனக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

இதைவிட இன்னொன்று உறுத்தியது. என் விளையாட்டு கன்சோலில் பத்திரமாக இருக்கிறது. தூங்குமூஞ்சி மரங்களும் கொழுத்த கழுதையும் இருந்த உங்கள் விளையாட்டு எங்கேயும் சேமிக்கப்படவில்லையே என்று நினைப்பேன். அதை ஆடிய ஒரே ஆள் போய்விட்டார். அதில் அந்தக் கழுதை என்ன செய்துகொண்டிருக்கும்?

பஸ் நிற்கப்போகிறது என்று அறிவித்த வாரம், உங்கள் மேஜையிலிருந்து எடுத்து நான் வைத்திருந்த கழுத்துத் தலையணையைக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் கணவர் காபி கலந்து கொண்டுவந்தார். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, "பஸ்ல நல்லாத் தூங்கிட்டுப் போவான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். நான் காபியை ஒரு வாய் குடித்தேன். அப்போது உள்ளறைக் கதவில் சாய்ந்தபடி உங்கள் மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டாவது படிக்கிறாள் என்று நீங்கள் சொன்ன ஞாபகம். உங்கள் உயரம் வந்துவிட்டாள்.

"நீங்கதான அந்தக் கழுதை அக்கா?"

"ஏய், என்ன பேச்சு இது?" என்றார் அவர்.

"இல்லப்பா, நிஜமாவே கழுதை அக்காதான்" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டீம் லீட் என்ன ஆச்சு? இன்னும் பாலத்துலயே நிக்குதா?"

எனக்குக் காபி டம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை.

நீங்கள் வாரக் கடைசியில் துணி மடிக்கும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொல்வீர்களாம். நான் உங்களுக்குச் சொன்னதைவிட நீளமாக. அவள் யோசித்து ஒரு வழி சொல்வாளாம். "அதைத்தான் அம்மா திங்கக்கிழமை உங்ககிட்ட சொல்லுவாங்க. அந்தத் திருடனைக் கூலிக்கு வெச்சுக்கச் சொன்னது நான்தான்" என்றாள். அதில் பெருமை இருந்தது. "அம்மா உங்ககிட்ட என் பேரைச் சொல்லவே இல்லியா? தானே யோசிச்ச மாதிரி சொல்லிட்டாங்களா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"ப்ராடு" என்றாள். அவள் அப்பா தலையணையைப் பார்த்தபடி சிரித்தார்.

பாலத்தைப் பற்றி அவளிடம் எப்போதாவது சொன்னீர்களா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததுமே சொன்னீர்களாம், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"நீ என்ன சொன்ன?"

"முதல்ல மூட்டையை இறக்கிட்டு உக்காரச் சொல்லுங்கன்னு சொன்னேன். தாண்டறதைப் பத்தி அப்புறம் பார்த்துக்கலாம்னு."

"அம்மா?"

"சிரிச்சாங்க. உக்கார பட்டன் இருக்கு, வழியில மூட்டையை இறக்க பட்டன் இருக்கான்னு தெரியலியே, திங்கக்கிழமை கேக்கறேன்னாங்க." பிறகு என்னைக் கேட்டாள். "இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை அக்கா. வழியில் வருகிற சின்னச் சந்தைகளில் மட்டும்தான் நான் மூட்டையை இறக்கியிருக்கிறேன். நடுவழியில் இறக்க முடியுமா என்று ஒருநாளும் முயன்று பார்த்ததில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று அவள் எண்ணை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேற்றுக் காலை கடைசி டிரிப். நான் வழக்கம்போல உள்பக்க சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் சீட்டில் பையை வைத்திருந்தேன். கேம்ப் ரோட்டில் இப்போது யாரும் ஏறுவதில்லை. ஆனாலும் வண்டி நின்றது. கதவு திறந்தது, மூடியது. டிரைவர் அண்ணா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "யாரும் இல்லன்னு தெரியும்மா. கால் தானா பிரேக்குக்குப் போவுது. இன்னா பண்றது?" நான் தலையசைத்துவிட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கன்சோலைத் திறந்தேன். கழுதை காதை ஆட்டியது. அதன் அருகே போய் பட்டனை அழுத்திப் பிடித்தேன். சந்தையில் வருகிற அதே சின்னக் கை அடையாளம் வந்தது. மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. பிறகு உட்காரும் பட்டனை அழுத்தினேன். உப்பு வியாபாரி பாலத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். சற்று நேரம் காற்றுச் சத்தம் மட்டும். பிறகு கழுதை முன்னங்கால்களை மடக்கியது, அப்புறம் பின்னங்கால்களை. அவன் பக்கத்தில் படுத்து, தலையைத் தரையில் வைத்தது. இத்தனை நாள் அதனோடு நடந்திருக்கிறேன், அது படுத்து நான் பார்த்ததில்லை. முதுகில் பாரம் இருந்தால் படுக்காது போலிருக்கிறது. சந்தைகளிலோ இறக்கிய கையோடு நாம் வேறு மூட்டை ஏற்றிவிடுவோம்.

திரையை உங்கள் சீட்டின் பக்கம் திருப்பவில்லை. காட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். கன்சோலை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். சத்தம் வராமல், உதட்டுக்குள். மேடவாக்கத்தில் வண்டி நின்று கிளம்பும்வரை சொன்னேன். கண் ஈரமாகவில்லை. ஆனால் சொல்லி முடித்தபோது பசித்தது. பசி என்று ஒன்று தோன்றி வெகுநாளாகியிருந்தது.

இன்று காலை, அந்த எலுமிச்சை வாசனைக்குப் பிறகு, உங்கள் மகளைக் கூப்பிட்டேன்.

"இருங்க, கண்ண மூடிக்கறேன்" என்றாள். "ம், சொல்லுங்க."

மூட்டை இறங்கியதைச் சொன்னேன். கழுதை காலை மடக்கியதைச் சொன்னேன். எந்தக் கால் முதலில் என்று கேட்டாள், சொன்னேன். பாலத்தைத் தாண்டுமா என்றாள்.

"தெரியல. நீ யோசிச்சு திங்கக்கிழமை சொல்லு."

"சரி." அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. "அக்கா, அது மரத்துக்குக் கீழதான படுத்திருக்கு? வெயில்ல இல்லியே?"

கன்சோல் என் மடியில்தான் இருந்தது. திரையில் பாறையும் புழுதியும் தவிர ஒரு செடிகூடக் கிடையாது.

"மரத்துக்குக் கீழதான்" என்றேன். "தூங்குமூஞ்சி மரம். நல்ல நிழல்."